ரியோகானில் தங்குவது எப்படி: முன்பதிவு முதல் புறப்படும் வரை

ஜப்பானுக்குப் போகிறவர்களில் பலர் ஓர் இரவாவது ரியோகான் எனப்படும் பாரம்பரிய விடுதியில் தங்க ஆசைப்படுகிறார்கள். ஆசைப்பட வேண்டிய இடம்தான். ஆனால் ஹோட்டல் என்று நினைத்துக்கொண்டு போனால் பணமும் வீணாகும், மனமும் கசந்துபோகும். அறை, இரவு உணவு, வெந்நீர்க் குளியல், காலை உணவு எல்லாம் சேர்த்து அங்கே ஒரே விலை. ஒவ்வொன்றுக்கும் நேரம் குறித்திருக்கும். சமையலுக்கு வேண்டியதை விருந்தினர் எண்ணிக்கை பார்த்து முன்கூட்டியே வாங்கிவைத்துவிடுவார்கள். அதனால் வாசலில் போய் நின்றுகொண்டு சொல்லும் எதையும் அவர்களால் மாற்றித்தர முடிவதில்லை. அதையே முன்பதிவின்போது சொல்லியிருந்தால் எவ்வளவோ சிரத்தையாகச் செய்து கொடுப்பார்கள்.

சைவம் மட்டும் சாப்பிடும் அம்மா, முழங்கால் வலியுள்ள அப்பா, பெரிய பெட்டிகள் என்று எல்லாச் சிக்கலோடும் நான் இந்த விடுதிகளில் தங்கியிருக்கிறேன். அதில் பட்ட அலைச்சல் இதைப் படிப்பவர்களுக்கு வேண்டாம்.

1. முதலில் ஊரையும் வகையையும் முடிவு செய்யுங்கள்

பாரம்பரியத் தங்குமிடம் என்றால் மூன்று வகை. ரியோகான் என்பது முழு உபசரிப்போடு கூடியது. மின்ஷுகு என்பது ஒரு குடும்பம் தன் வீட்டோடு சேர்த்து நடத்தும் எளிய விடுதி. விலை குறைவு, படுக்கையை நாமே விரிக்க வேண்டியிருக்கலாம். ஷுகுபோ என்பது புத்த மடங்களில் தங்குவது.

முதல் முறை போகிறவர்களுக்கு நான் மூன்று ஊர்களைச் சொல்வேன். தோக்கியோவிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு ஹகோனே. ஷின்ஜுகு நிலையத்திலிருந்து ரொமான்ஸ்கார் ரயிலில் ஏறினால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் ஹகோனே-யுமோதோ போய்விடலாம். கியோத்தோ, ஒசாகா பக்கம் இருப்பவர்களுக்குக் கினோசாகி. ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும்; ஆனால் ஊருக்குள் பொதுக் குளியல் இல்லங்கள் பல உண்டு. விடுதியில் தங்குகிறவர்களுக்கு அவற்றுக்கெல்லாம் நுழைவுச் சீட்டு கிடைக்கும். சைவ உணவுதான் முக்கியம் என்றால் யோசிக்கவே வேண்டாம், கோயாசான் மலைதான். அங்கே ஐம்பது மடங்கள் அளவுக்குத் தங்க இடம் தருகின்றன.

2. விலையைச் சரியாகப் படியுங்கள்

அதிகம் பேர் ஏமாறும் இடம் இது. ரியோகான் விலை பெரும்பாலும் அறைக்கு இல்லை, ஆளுக்கு. 22,000 யென் என்று போட்டிருந்தால் இருவருக்கு 44,000 யென். 100 யென்னுக்கு ஏறக்குறைய 55 முதல் 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஓர் இரவுக்கு 25,000 ரூபாய் ஆகிறது. வெளிநாட்டவர் பயன்படுத்தும் பெரிய முன்பதிவுத் தளங்களில் அறைக்கான மொத்த விலையே காட்டுவார்கள். ஜப்பானியத் தளங்களில் ஆள் கணக்கே வழக்கம். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, "இங்கே பாதி விலை" என்று ஏமாந்துவிடாதீர்கள்.

இரு வேளை உணவோடு நடுத்தர ரியோகானுக்கு ஆளுக்கு 15,000 முதல் 30,000 யென் வரை ஆகும். மின்ஷுகு 8,000 யென்னிலிருந்து 12,000 வரை. மடங்களில் 12,000-க்கு மேல். உணவில்லாமல் தங்குவதற்கு மட்டும் ஒரு விலை போடுவார்கள். பட்டியலில் மலிவாகத் தெரிவது பெரும்பாலும் அதுதான். மலையூர்களில் மாலை ஆறு மணிக்குமேல் திறந்திருக்கும் சாப்பாட்டுக் கடையைத் தேடிப் பிடிப்பது கடினம். எனவே அந்த மலிவு விலையை எடுப்பதற்கு முன், அருகில் கடை உண்டா என்று வரைபடத்தில் பார்த்துவிடுங்கள்.

இவற்றுக்கு மேல் வரி. நுகர்வு வரி 10 சதவீதம் பெரும்பாலும் விலைக்குள்ளேயே இருக்கும். வெந்நீர் ஊற்று உள்ள ஊர்களில் குளியல் வரி தனி, பொதுவாக ஆளுக்கு 150 யென். கியோத்தோ போன்ற நகரங்களில் தங்கும் வரியும் உண்டு. கியோத்தோ அதை 2026 மார்ச் முதல் உயர்த்தியிருக்கிறது. ஆளுக்கு ஓர் இரவுக்கு 200 யென்னில் தொடங்கி, மிக உயர்ந்த விலை அறைகளுக்கு 10,000 யென் வரை போகிறது. குளியல் வரியையும் தங்கும் வரியையும் இணையத்தில் முழுப் பணம் கட்டியவர்களிடமும் விடுதியில் தனியாகக் கேட்பார்கள். அது ஏமாற்று வேலை இல்லை, வாக்குவாதம் வேண்டாம்.

சிறிய விடுதிகள் பலவற்றில் கார்டு வாங்க மாட்டார்கள். அறை வாடகையைக் கொடுக்கும் அளவுக்கு யென் நோட்டுகள் கையில் இருக்கட்டும். வெளிநாட்டுக் கார்டுகளுக்கு தபால் நிலையங்களிலும் செவன்-இலெவன் கடைகளிலும் உள்ள ஏடிஎம்கள் பணம் தரும். மலைக்கு ஏறுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

3. தேதியை விடுதிக்கேற்ப நகர்த்துங்கள்

சனிக்கிழமை இரவு எங்கும் விலை அதிகம். ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரையிலான விடுமுறை, ஆகஸ்ட் நடுவில் முன்னோரை நினைக்கும் ஓபோன் பண்டிகை, புத்தாண்டு, செர்ரிப்பூக் காலம், இலையுதிர்காலச் செந்நிறக் காலம் ஆகியவற்றில் இடமே கிடைக்காது. ஞாயிறு முதல் வியாழன் வரை ஏதாவது ஓர் இரவைப் பயணத்தில் ஒதுக்குங்கள்.

தனியாகப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பல ரியோகான்கள் ஒற்றை ஆளுக்கு அறை தருவதில்லை, வார இறுதியில் நிச்சயமாகத் தருவதில்லை. தேடும்போது ஓர் ஆள் என்று போட்டால் "இடமில்லை" என்று வரும். ஊரே நிரம்பிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். வாரநாளில் மின்ஷுகுவிலோ மடத்திலோ கேட்டுப் பாருங்கள்.

4. விசாவும் முன்பதிவும் ஒன்றோடொன்று பிணைந்தவை

சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் குறுகிய காலச் சுற்றுலாவுக்கு விசா இல்லாமலே போகலாம். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். இந்தியாவில் இருப்பவர்கள் சென்னை உட்பட உள்ள விஎஃப்எஸ் மையங்கள் வழியாக விண்ணப்பிக்கிறார்கள். கடவுச்சீட்டு, விண்ணப்பப் படிவம், புகைப்படம், விமான முன்பதிவு, வங்கிக் கணக்கு விவரம், வருமான வரித் தாக்கல் நகல் ஆகியவற்றோடு நாள்வாரிப் பயணத்திட்டம் கேட்பார்கள். அதில் ஒவ்வோர் இரவும் எங்கே தங்குகிறீர்கள் என்று விடுதியின் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணோடு எழுத வேண்டும்.

ஆகவே விசாவுக்கு முன்பே விடுதி பதிவாகியிருக்க வேண்டும். விசா மறுக்கப்பட்டால் பணமும் போகக்கூடாது. இலவசமாக ரத்துசெய்ய இடம் தரும் பதிவையே எடுங்கள், கடைசி நாள் எது என்று காலண்டரில் குறித்துவையுங்கள். பல விடுதிகளில் ஒரு வாரம் முன்பு வரை கட்டணமில்லை; நெருங்க நெருங்க 20, 50 சதவீதம் என்று ஏறும்; சொல்லாமல் வராமல் போனால் முழுத் தொகை. இதில் விட்டுக்கொடுப்பு கிடையாது, ஏனென்றால் உங்களுக்கான மீனும் காய்கறியும் அதற்குள் சமையலறைக்கு வந்துவிட்டிருக்கும்.

ஒருமுறை நுழையும் விசா, கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் செல்லும். பயணத்துக்கு ஒன்று அல்லது இரண்டு மாதம் முன்பு விண்ணப்பிப்பது நல்லது. மின்விசா வாங்கியவர்கள் விமான நிலையத்தில் அதை இணைய இணைப்போடு கைப்பேசியில் திறந்து காட்ட வேண்டும். திரைப்பிடிப்பையோ அச்சுத் தாளையோ ஏற்க மாட்டார்கள்.

5. சாப்பாட்டைப் பற்றி எழுத்தில் பேசுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

ஜப்பானியச் சமையலின் அடித்தளம் தாஷி. உலர்ந்த பொனிட்டோ மீன் சீவல்களையும் கடற்பாசியையும் வெந்நீரில் இட்டு எடுக்கும் சாறு அது. மிசோ சூப்பில் அது இருக்கிறது, வெந்த காய்கறியில் இருக்கிறது, சோபா நூடுல்ஸுக்குத் தொட்டுக்கொள்ளும் சாற்றில் இருக்கிறது. குளிர்ந்த தோஃபுவின் மேலேயும் மீன் சீவலைத் தூவித் தருவார்கள். "நாங்கள் சைவம்" என்று மட்டும் எழுதினால் இறைச்சியும் மீன் துண்டும் இல்லாத சாப்பாடு வரும். தாஷி அப்படியே இருக்கும். அவர்கள் மனதறிந்து செய்வது இல்லை. சாற்றை மீனாகக் கணக்கெடுக்கும் வழக்கம் பலரிடம் இல்லை, அவ்வளவுதான்.

நாங்கள் தங்கிய ஒரு விடுதியில் சாப்பாட்டைப் பரிமாறிய பெண்மணி, ஒவ்வொரு கிண்ணத்தின் பக்கத்திலும் ஒரு சிறு தாள் வைத்தார். எதில் கடற்பாசிச் சாறு, எதில் காளான் சாறு என்று கையால் எழுதியிருந்தது. முட்டை சேர்த்த ஒரே பதார்த்தத்தைத் தட்டின் ஓரமாகத் தள்ளிவைத்திருந்தார். அதே பயணத்தில் இன்னொரு விடுதியில் பதிவை உறுதிசெய்திருந்தும், "மீன் சாறு இல்லாமல் எங்களால் சமைக்க இயலாது" என்று நாங்கள் போன பிறகுதான் சொன்னார்கள். அன்று இரவு அம்மா வெறும் சோற்றையும் ஊறுகாயையும் சாப்பிட்டார். அந்த விடுதி பதிலை எழுத்தில் தந்திருக்கவில்லை. உறுதி எழுத்தில் வரும்வரை காத்திருங்கள் என்று நான் அழுத்திச் சொல்வது அதனால்தான்.

பதிவு செய்த கையோடு விடுதிக்கு எழுதுங்கள். மொழிபெயர்ப்புச் செயலி போதும், வாக்கியங்கள் குட்டையாக இருக்கட்டும். இறைச்சி சாப்பிட மாட்டோம். மீன், இறால், நண்டு சாப்பிட மாட்டோம். மீன் தாஷியும் கூடாது. கடற்பாசி, காளான் தாஷி சரி. முட்டை சரியா இல்லையா, பால் சரியா இல்லையா என்று தனித்தனி வரியில். மது சேர்க்கக்கூடாது என்றால் மிரின் (இனிப்பான அரிசி மது), சாகே (அரிசி மது) இரண்டையும் பெயர் சொல்லி எழுதுங்கள், இரண்டுமே சமையலில் சகஜம். "உங்களால் முடியாவிட்டால் தயங்காமல் சொல்லுங்கள்" என்று கடைசியில் ஒரு வரி சேருங்கள். முடியாது என்று நேராகச் சொல்லும் விடுதியைக் கோபிக்காதீர்கள். அது உங்கள் பணத்தைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது.

வாயால் சொல்ல நேர்ந்தால்: "நிகு, சகானா, சகானா நோ தாஷி வா தபேராரெமஸேன்." இறைச்சி, மீன், மீன் சாறு சாப்பிட இயலாது என்று பொருள்.

இந்தக் கவலையே வேண்டாம் என்பவர்களுக்குக் கோயாசான். அங்கே மடங்களில் கிடைக்கும் ஷோஜின் உணவில் இறைச்சி, மீன், முட்டை கிடையாது, வெங்காயமும் பூண்டும் கிடையாது. எள்ளையும் கிழங்கு மாவையும் சேர்த்துக் கிளறிய எள் தோஃபு, உறைய வைத்து உலர்த்திய கோயா தோஃபு, மாவில் தோய்த்துப் பொரித்த காய்கறி தெம்புரா, சோறு, சூப் என்று சிறு சிறு கிண்ணங்களில் வரும். சைவக் குடும்பத்தோடு போகிறவர்கள் முதல் இரவை இங்கேயே வைத்துக்கொள்ளலாம். கிழங்கு சாப்பிடாத சமணர்கள் மட்டும் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வீட்டிலிருந்து பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் எடுத்துப் போகலாம். உணவறையில் திறக்காதீர்கள், அறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இறைச்சிப் பொருள் எதுவும் ஜப்பானுக்குள் கொண்டுபோகக் கூடாது. சான்றிதழ் இல்லாமல் பச்சைக் காய்கறி, பழம், கறிவேப்பிலையும் கூடாது.

6. போகும் நாள்: சாமானும் நேரமும்

பெரிய பெட்டியை முதல் நாளே அனுப்பிவிடுங்கள். தக்யூபின் என்னும் சேவையில், நீங்கள் தங்கியிருக்கும் ஹோட்டல் வரவேற்பிலேயே பெட்டியைக் கொடுத்தால் பெரும்பாலான ஊர்களுக்கு மறுநாள் போய்ச் சேர்ந்துவிடும். பெரிய பெட்டிக்கு 2,000 முதல் 3,000 யென் ஆகும். விடுதியின் முகவரி, தொலைபேசி எண், பதிவுப் பெயர், தங்கும் தேதி நான்கும் சீட்டில் இருக்க வேண்டும். கோயாசானில் ரயில், கேபிள் கார், பஸ் என்று மாறி மாறி ஏற வேண்டும். கேபிள் கார் நிலையத்திலிருந்து ஊருக்குப் போகும் சாலையில் நடக்க அனுமதி இல்லை, பஸ்தான். அங்கே பெரிய பெட்டியோடு போவது வீண் துன்பம். ஓர் இரவுக்கு வேண்டியதை மட்டும் சிறு பையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

விடுதிகளில் பொதுவாகப் பிற்பகல் 3 மணிக்கு அறை கொடுப்பார்கள். இரவு உணவு 6 அல்லது 6.30-க்கு, மடங்களில் 5.30-க்கே. கல்யாணப் பந்தி போல, நேரத்துக்கு உட்கார வேண்டும். தாமதமானால் அடுத்த பந்திகூடக் கிடையாது. ரியோகானுக்கு மாலை 4 மணிக்குப் போய்ச் சேருமாறு திட்டமிடுங்கள். மடமானால் 5 மணி தாண்டக்கூடாது. ரயில் தவறிவிட்டால் உடனே தொலைபேசியில் சொல்லுங்கள். நிலையத்திலிருந்து இலவச வண்டி அனுப்பும் விடுதிகள் உண்டு. அதையும் முன்கூட்டியே கேட்டு நேரம் குறித்துவைக்க வேண்டும்.

7. வாசலில்

உள்ளே நுழைந்ததும் ஒரு படி உயரம் இருக்கும். செருப்பைப் படிக்குக் கீழேயே கழற்றிவிட்டு ஏறுங்கள். இது நமக்குப் புதிதில்லை. அங்கே தரும் ஸ்லிப்பரைத் தாழ்வாரத்தில் போட்டுக்கொள்ளலாம்; பாய் விரித்த அறைக்குள் வரும்போது அதையும் கழற்ற வேண்டும். கழிப்பறைக்கு வேறு ஸ்லிப்பர் இருக்கும், அதோடு வெளியே வந்துவிடக் கூடாது.

ஜப்பானில் முகவரி இல்லாத வெளிநாட்டவரிடம் விடுதி கடவுச்சீட்டைக் கேட்டு நகல் எடுத்துக்கொள்ளும். 2005 ஏப்ரலிலிருந்து உள்ள விதி இது. அசல் கையில் இருக்க வேண்டும், கைப்பேசிப் படம் செல்லாது. அனுப்பிவிட்ட பெட்டிக்குள் கடவுச்சீட்டை வைத்துவிடாதீர்கள்.

அறையில் பெட்டியைச் சக்கரத்தோடு பாய் மேல் உருட்டாதீர்கள். சுவரோரம் ஓவியமோ பூஜாடியோ வைத்த ஒரு மாடம் இருக்கும்; அதில் பையை வைக்கக் கூடாது. முழங்கால் வலி உள்ளவர்கள் இருந்தால் கட்டிலும் பாயும் சேர்ந்த அறை கேட்டுப் பதிவு செய்யுங்கள், உணவுக்கு மேசை நாற்காலியும் கேளுங்கள். கோயாசானில் குளிர்காலம் கடுமையானது. மடத்துத் தாழ்வாரங்களில் வெப்பம் இருக்காது, கனத்த காலுறை கொண்டுபோங்கள்.

அறையில் வைத்திருக்கும் யுகாதா அங்கியை உடுத்தும்போது வலப்பக்கத்தை முதலில் மடித்து, இடப்பக்கம் மேலே வர வேண்டும். மாற்றிக் கட்டுவது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை. உணவறைக்கும் குளியலுக்கும் அதோடு போகலாம்.

8. குளியல்

ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் குளியல் கூடம். வாசல் திரையில் ஆண் பக்கம் பெரும்பாலும் நீலம், பெண் பக்கம் சிவப்பு. பல விடுதிகளில் இரவில் ஒன்றும் காலையில் ஒன்றுமாக மாற்றிவிடுவார்கள். நேற்று போன வாசல்தானே என்று பாராமல் நுழைந்துவிடாதீர்கள்.

உடை எதுவும் இல்லாமல்தான் தொட்டியில் இறங்க வேண்டும். நீச்சல் உடைக்கு அனுமதி இல்லை. நம்மில் பலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இது பெரிய தயக்கம். வழி இருக்கிறது: கஷிகிரி என்னும் தனிக் குளியல். ஒரு குடும்பத்துக்கு மட்டும் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் கதவைப் பூட்டிக்கொண்டு குளிக்கலாம். சில இடங்களில் இலவசம், சில இடங்களில் 2,000 யென்னுக்கு மேல். பதிவின்போதோ, போய்ச் சேர்ந்த உடனேயோ நேரம் கேட்டு வாங்கிவிடுங்கள். மாலை நேரங்கள் முதலில் நிரம்பிவிடும்.

முறை எளிது. சுவரோரத்தில் தாழ்ந்த முக்காலி, வாளி, கைக்குழாய், சோப்பு, ஷாம்பு இருக்கும். முக்காலியில் உட்கார்ந்து நன்றாகத் தேய்த்துக் குளித்து, நுரை முழுவதும் போக அலசிய பிறகே தொட்டிக்குள் இறங்க வேண்டும். தொட்டி நீர் எல்லோருக்கும் பொது. அழுக்கோ சோப்போ படக்கூடாது. நீண்ட கூந்தலைத் தூக்கிக் கட்டுங்கள். சிறு துண்டு தண்ணீரில் படாமல் தலைமேல் மடித்து வைத்துக்கொள்வார்கள். தண்ணீர் 40 முதல் 42 டிகிரி வரை இருக்கும். முதல் முறை ஐந்து நிமிடம் போதும். வயிறு முட்டச் சாப்பிட்ட உடனும், மது அருந்திய பிறகும் இறங்க வேண்டாம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு போவது நல்லது.

வெள்ளிக் கொலுசு, மெட்டி, அரைஞாண் எல்லாவற்றையும் அறையிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். கந்தகம் கலந்த ஊற்றுநீர் வெள்ளியைக் கறுக்கச் செய்துவிடும்.

பச்சை குத்தியவர்களை அனுமதிக்காத குளியல் கூடங்கள் இன்னமும் பல. கையில் பச்சை குத்திய பாட்டியோ புது மருதாணி வைத்த மணப்பெண்ணோ உங்களோடு வந்தால் முன்பே எழுதிக் கேளுங்கள். தனிக் குளியலில் இந்தத் தொல்லை இல்லை. கினோசாகியின் பொதுக் குளியல் இல்லங்களிலும் பச்சைக்குத் தடை இல்லை.

9. இரவும் காலையும்

நீங்கள் சாப்பிடப் போயிருக்கும்போது ஊழியர்கள் வந்து மேசையை ஒதுக்கி, ஃபுத்தோன் மெத்தைகளை விரித்துவிடுவார்கள். பணம், கடவுச்சீட்டைப் பெட்டகத்தில் வைத்துவிட்டுப் போங்கள். மெத்தை மெல்லியதாக இருந்தால் இன்னொன்று கேட்கலாம், கொடுப்பார்கள். காகிதக் கதவுகள் வழியே பேச்சு பக்கத்து அறைக்குத் தெளிவாகக் கேட்கும். ஊருக்குப் பேசும் வீடியோ அழைப்புகளை ஒன்பது மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

காலை உணவில் சுட்ட மீனும் பச்சை முட்டையும் வழக்கம். நீங்கள் எழுதிய கடிதத்தில் காலை உணவையும் குறிப்பிட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். இரவுக்கு மட்டும் சைவம் செய்துவிட்டுக் காலையில் மீனை வைத்த இடங்களும் உண்டு. மடங்களில் ஆறு மணி வாக்கில் காலை வழிபாடு நடக்கும். விருந்தினர்களும் உட்காரலாம், பல மடங்களில் கட்டாயம் இல்லை. எழுந்து போங்கள் என்றுதான் சொல்வேன்.

10. புறப்படும்போது

அறையைக் காலி செய்யும் நேரம் பெரும்பாலும் 10 மணி. மடங்களில் அதற்கும் முன்பே. மெத்தையை மடிக்க வேண்டியதில்லை. யுகாதாவும் பெரிய துண்டும் விடுதிக்குச் சொந்தம். விடுதிப் பெயர் அச்சிட்ட மெல்லிய சிறு துண்டை மட்டும் பல இடங்களில் எடுத்துக்கொள்ளலாம், கேட்டுவிட்டு எடுங்கள். டிப்ஸ் எதிர்பார்க்க மாட்டார்கள். இரவு குடித்த பானங்கள், குளியல் வரி ஆகியவற்றுக்கான பாக்கியை வரவேற்பில் கட்டிவிட்டு ரசீது வாங்குங்கள். ஊர் சுற்றிவிட்டு வரும்வரை பையை அங்கேயே விட்டுவைக்கலாம். அடுத்த ஊருக்குப் பெட்டி அனுப்ப வேண்டுமானால் அன்று எடுத்துப்போகும் வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று முதல் நாள் மாலையே கேட்டுவையுங்கள்; மலையூர்களில் அது காலையிலேயே வந்து போய்விடலாம்.